சைகோன் கடிதத்தில் ஒட்டியிருந்த வில்லை

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்ன வயதில் தபால்தலை சேர்த்த நோட்டு இன்னும் உங்கள் பெட்டியில் கிடந்தால், பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நாட்டின் பெயர் இல்லாமல், விலை இல்லாமல், தபாலாபீஸ் முத்திரையும் மேலே விழாமல் ஒன்றிரண்டு வில்லைகள் அதில் இருக்கலாம். ஏதோ ஒரு தர்ம காரியத்துக்காக விற்றவை அவை. கடிதத்தின் மூலையிலோ முதுகிலோ ஒட்டி அனுப்புவார்கள். அது எந்தத் தர்மம் என்று விசாரிக்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

சென்ற மாதம் என் மகள் ஒரு தபால்தலை நிபுணரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவர் என் நோட்டை மேய்ந்துகொண்டே வந்து, ஒரு பக்கத்தை மட்டும் நகத்தால் தள்ளிவிட்டார். “இது தபால்தலை இல்லைங்கம்மா, லேபிள். இதுக்கெல்லாம் மதிப்புக் கிடையாது” என்றார். வந்த கோபத்தில் அவருக்கு டீ கூடப் போடாமல் அனுப்பிவிட்டேன். அது தபால்தலை இல்லை என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அது என்னவென்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடும், கண்டுபிடித்த பிறகு பட்ட பாடும்தான் அவருக்குத் தெரியாது.

காரைக்காலில் என் வாப்பாவைப் பற்றி ஒரு கதை உண்டு. சைகோனில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளையும் பெற்று, அதற்கு ஞானஸ்நானமும் கொடுத்து, ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காமலே அங்கேயே மௌத்தாகிப் போனார் என்பார்கள். உங்களில் சிலர் அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கதைக்குச் சாட்சி சொன்னவளே நான்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. தினம் ஒரு ஊர்வலம், தினம் ஒரு கடையடைப்பு. எல்லையில், வாஞ்சூர்ப் பக்கம், போலீஸ் நின்றது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் உம்மா சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே ராத்திரிச் சமையலை முடித்துவிடுவாள். நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் தெருவில் நடமாடலாம், அப்புறம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் வெளியே போகிற எந்த வேலையையும் நான் விட்டதில்லை.

வாப்பா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். சபராளி வீடு எங்களுடையது. அதாவது ஆம்பிளை கடல் கடந்து இருப்பார், வீட்டில் அவருடைய கடிதம் இருக்கும். நான்கு வருஷமாக வாப்பா ஊருக்கு வரவில்லை. கடிதம் மட்டும் மாதத்துக்கு ஒன்று வந்துவிடும். உறையின் மேல் விலாசம் பிரெஞ்சில் இருக்கும். உள்ளே அரபுத்தமிழ், அரபு எழுத்தில் எழுதிய தமிழ். உம்மாவுக்கு அது மட்டும்தான் வாசிக்கத் தெரியும். எனக்கு அது வாசிக்கத் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் உம்மாவுக்கு, உறை எனக்கு. இது வீட்டில் எழுதாத சட்டம். உறையின் மூலையைக் கத்தரித்து, பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுவேன். பசை இளகித் தலை தனியே நழுவும்போது ஒரு சந்தோஷம் வரும். அதைப் பழைய வேட்டித் துண்டில் உலர்த்தி, கட்டம் போட்ட பிரெஞ்சு நோட்டில் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவேன். தபால்தலைக்காரர்கள் இதைப் படித்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றின் கீழேயும் நாட்டின் பெயரை எழுதுவேன்.

எனக்கு ஒரே குறை. மூன்று வருஷமாக சைகோனிலிருந்து ஒரே மாதிரித் தலைதான் வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு சைகோன் சொந்தம் இருந்ததால், அது எல்லோரிடமும் இருந்தது. உம்மாவை அரித்தெடுத்தேன். அவள் தன் கடிதத்தின் அடியில் நான்கு விரற்கடை இடம் விட்டு, “நீயே எழுதிக்கோ” என்றாள். நான் தமிழில் எழுதினேன்: “வாப்பா, யாரிடமும் இல்லாத மாதிரி எனக்கு அனுப்புங்கள்.”

அதற்குப் பிறகு நான்கு மாதம் கடிதமே வரவில்லை. சைகோன் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்ததால், தபால் நின்றிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாவது மாதம் வந்தது. உறையின் முன்பக்கம் வழக்கமான தலை. பின்பக்கம், மடிப்பு மூடுகிற இடத்தில், நான் அதுவரை பார்க்காத ஒன்று. கட்டை விரல் அகலம், சிவப்பு மை. ஒரு பெண் தன் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். தலைக்கு மேலே ஒரு சிலுவை. அடியில் ஒரு வரி. பிரெஞ்சு எழுத்துகள்தான், ஆனால் தலைக்கு மேல் கொக்கியும் புள்ளியுமாக வேறு ஏதோ பாஷை. யாரிடமும் இல்லாதது என் கைக்கு வந்துவிட்டது. நோட்டில் ஒட்டி, கீழே பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

இரண்டாவது கடிதத்திலும் அதே வில்லை இருந்தது. அதை என்னை முந்திக்கொண்டு பார்த்தவர் மாமா. உம்மாவின் அண்ணன். கடைத்தெருவில் சீமைச்சாமான் கடை வைத்திருந்தார். வாப்பா இல்லாத வீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. மஃரிபு தொழுதுவிட்டு தினமும் வந்து உட்கார்ந்து, வீட்டில் நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போவார். அன்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் நோட்டை வாங்கி முதல் வில்லையையும் பார்த்தார். எழுந்து போனவர், அரை நாழிகையில் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளிலும் துரைமார் வீடுகளிலும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், சர்க்கரை பூசிய வாதுமையைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பெட்டி. எப்போதோ ஒரு துரை வீட்டில் கொடுத்தது. மாமா அதில் சட்டைப் பொத்தான் போட்டு வைத்திருந்தார். மூடியில் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. மாமா பெட்டியையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுல என்னா இருக்கு? பொம்பள, புள்ள, சிலுவ. அதுல என்னா இருக்கு? பொம்பள, புள்ள, சிலுவ. இன்னும் என்னா வேணும் ஒனக்கு?”

“யார் வீட்டு விசேஷத்துலயாவது கொடுத்திருப்பாங்க நானா,” என்றாள் உம்மா. அண்ணனை நாங்கள் நானா என்போம். “கையில கெடந்தத ஒட்டியிருப்பாங்க.”

“நாலு மாசம் கடுதாசி இல்ல. இப்ப ரெண்டு வருது, ரெண்டுலயும் இது. பேனா புடிச்சு எழுதுற மனுஷன், பென்சில்ல கிறுக்கியிருக்காரு. அந்தப் புள்ள பேனாவ எடுத்து வெளையாடுதோ என்னமோ. நான் சொல்றேன், அவரு அங்க கலியாணம் கட்டி, கோயில்ல புள்ளைக்குத் தண்ணியும் ஊத்திட்டாரு. நமக்குச் சொல்ல வாய் வரல. இப்படி ஒட்டித் தெரியப்படுத்துறாரு.”

பக்கத்து அறையில் லாத்தா, என் அக்கா, தைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். எங்களில் கலியாணம் வைக்காத இரண்டு மாதம் குறுக்கே இருந்ததால் அது கழியக் காத்திருந்தோம்.

“மூணாவதுலயும் இது இருந்துச்சுன்னா, நான் ஜமாத்துல வச்சிடுவேன். ஒனக்கு விலக்கு வாங்கிடுவேன்,” என்று சொல்லிவிட்டு மாமா செருப்பைப் போட்டார்.

விலக்கு என்றால் என்னவென்று பத்து வயதில் எனக்குத் தெரியும். வாப்பா இனிமேல் எங்கள் வாசலுக்கு வர முடியாது. மாமா போன பிறகு உம்மா அந்தக் கடிதத்தை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அழவில்லை, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வில்லை என்னவென்று நான் கண்டுபிடித்துவிட்டால் வாப்பா தப்பித்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது கடிதம் வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் காட்டப் பயம், ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதனால் ஒரு காகிதத்தில் அதைப் பார்த்து வரைந்தேன், எடுத்துக்கொண்டு போக. வரையும்போதுதான் கவனித்தேன். அந்தச் சிலுவைக்குக் குறுக்குக் கட்டை இரண்டு. மேலே சின்னது ஒன்று, கீழே பெரியது ஒன்று.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் செய்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. முசல்மான் வீட்டுப் பெண்பிள்ளை, தலையில் முக்காட்டோடு, காரைக்காலில் உள்ள சிலுவைகளை எல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்தேன். மாதா கோயில் கோபுரத்தில் ஒரு கட்டை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்று முப்பது வரை எண்ணினேன், எல்லாம் ஒரு கட்டை. கன்னியாஸ்திரிகளின் இடுப்பில் தொங்குவது ஒரு கட்டை. பக்கத்தில் உட்காரும் பெண்ணின் கழுத்துச் சங்கிலியை இழுத்துப் பார்த்து அடி வாங்கினேன். மாமாவின் பெட்டியை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அதுவும் ஒரு கட்டைதான். மாமா எண்ணவில்லை.

தபாலாபீஸுக்கு மட்டும் இரண்டாவது உறையையே எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அங்கே இருந்த உத்தியோகஸ்தர் பிரான்சுக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர். எல்லோர் மேலும் எரிந்து விழுவார். உறையை வாங்கி வில்லையைப் பார்த்தார். “இது தபால்தலை இல்ல. ஒட்டினாலும் ஒண்ணுதான், ஒட்டாட்டியும் ஒண்ணுதான்” என்றார். திருப்பிக் கொடுக்கப் போனவர் முன்பக்க முத்திரையைப் பார்த்து நிறுத்தினார். “உங்க வாப்பா கடை சைகோன்லதானே? இது சைகோன் முத்திரை இல்லியே. மலை மேல இருக்குற ஊரு இது.” என் முகத்தைப் பார்க்காமல் உறையைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஊர்வலம் குறுக்கே வந்தது. போலீஸ்காரர்கள் தெருவை அடைத்துவிட்டார்கள். பிள்ளைகளை எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகத் துரத்தினார்கள். அந்தச் சந்தில் நாங்கள் யாரும் போகமாட்டோம். அங்கே ஒரு மஞ்சள் கட்டடம் இருந்தது. அதைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. மற்றப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் நின்றுவிட்டேன். கதவுக்கு மேலே இரும்புத் தகட்டில் சிவப்பாக அந்தச் சிலுவை. மேலே சின்னக் கட்டை, கீழே பெரிய கட்டை.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்து, “இங்க நிக்காத பாப்பா, போ” என்றாள்.

“இது என்ன சிலுவைங்க?”

“சிலுவை இல்ல பாப்பா. நெஞ்சு நோவு, காசநோய் ஆஸ்பத்திரிக்கு அடையாளம். எல்லாத் தேசத்துலயும் இதான் போடுவாங்களாம்.”

ஓடினேன். சந்தோஷமாக ஓடினேன், அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. வாப்பா கோயிலுக்கும் போகவில்லை, யாரையும் கட்டவும் இல்லை. யாரோ நோயாளிகளுக்காகத் தர்மமாக வில்லை வாங்கி ஒட்டியிருக்கிறார். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அடுப்படியில் உம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். “உம்மா, அது சிலுவை இல்ல, இருமல் ஆஸ்பத்திரி அடையாளம்” என்று கத்தினேன். அவள் மீன் கையோடு என் வாயை அடைத்தாள். அடைத்த வேகத்தில் உதடு பல்லில் பட்டு ரத்தம் வந்தது. அதற்கு முன் அவள் என்மேல் கை வைத்ததில்லை.

“யாருகிட்ட சொன்னே?”

தலையை ஆட்டினேன். யாரிடமும் இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப்போய், முந்தானையிலிருந்து கடிதத்தை எடுத்து என் மூக்கருகே பிடித்தாள். பினாயில் மாதிரி ஒரு நெடி அடித்தது. “என் தங்கச்சி இதே நோவுல கெடந்த அறையில இந்த வாடைதான். நோவுன்னு ஒரு வார்த்த எழுதல, ஆனா மொதக் கடுதாசியிலயே எனக்குத் தெரியும். பென்சில்ல எழுதியிருக்காங்க பாரு. மல்லாந்து படுத்துக்கிட்டு எழுதினா பேனா எழுதாது புள்ள.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் வாப்பாதான்.

“மாமாகிட்ட சொல்லுங்க உம்மா. விலக்கு வாங்கிடுவாங்க.”

“ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா கடைக்குத் தெரியும். கடைக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். லாத்தா மாப்புள்ள வந்து குடியிருக்கப்போற வீடு இது. ஒங்க வாப்பா நாலு வருஷமா இந்த வாசல்ல கால் வைக்கல. இங்க நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு நம்புவா? வாப்பா வேற கலியாணம் கட்டினா ரெண்டு நாள் பேசுவாங்க. இத ரெண்டு தலைமுறைக்குப் பேசுவாங்க. அவளும் வீட்டோட கெடப்பா, நீயும் கெடப்பே.”

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். நோய் இருந்த வீடு என்று பெயர் வந்தால் எந்தத் தாய் தன் மகனை அனுப்புவாள்?

மூன்றாவது கடிதம் வந்தது. வில்லையும் இருந்தது. மாமா ஜமாத்துக்குப் புறப்பட்டுவிட்டார். “லாத்தா கலியாணம் முடியட்டும் நானா. அப்புறம் நீங்க சொன்னபடி செய்றேன்” என்று உம்மா கெஞ்சி நிறுத்தினாள். மாமா நின்றார், ஆனால் சும்மா இருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். மார்க்கத்தை விட்டவன், பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் விட்டவன் என்று இரண்டு பக்கம். அதை மடித்து எடுத்துக்கொண்டு போகும்போது, தடுக்கிற மாதிரி உம்மாவின் கை பாதி உயர்ந்தது. பிறகு அந்தக் கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

கலியாணம் வைக்காத அந்த இரண்டு மாதம் கழிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் உம்மா வந்தார். குதிரை வண்டியில், சொல்லிக்கொள்ளாமல், தனியாக. உட்கார்ந்து, சர்பத்தைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்: “மனசுல வச்சுக்கிட்டுப் பேச எனக்குத் தெரியாது சம்பந்தி. சைகோன்லேருந்து கப்பல்ல வந்த ஒருத்தரு, ஒங்க வீட்டு ஆம்பளைக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொன்னாராம். எம்மவன் வந்து இருக்கப்போற வீடு. கேட்டுத்தானே ஆவணும்?”

உம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “நெஞ்சுல கோளாறு இல்ல சம்பந்தி. நடத்தையில கோளாறு. அங்க ஒரு குடும்பம் இருக்கு. கிறிஸ்தவப் பொண்ணு. புள்ளையும் பொறந்திருக்கு. எப்படி ஒங்ககிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்.”

அவர் உடனே நம்பிவிடவில்லை. “ஒங்களுக்கு யாரு சொன்னா? அவரே எழுதினாரா?”

உம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்த நோட்ட எடுத்துட்டு வா.”

கொண்டு வந்தேன். அவர் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வில்லைகள் வரிசையாக. ஆஸ்பத்திரிச் சந்தில் அவர் எப்போதாவது நடந்திருந்தால், கதவுக்கு மேலே ஒருமுறை பார்த்திருந்தால், அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் விரலை முதல் வில்லையின் சிலுவைமேல் வைத்தார். சின்னக் கட்டையை அந்த விரல் மறைத்திருந்தது.

“இது என்னா புள்ள?”

“ஞானஸ்நான வில்லை,” என்றேன். அது போதாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. “சைகோன்ல எனக்குத் தம்பி பொறந்திருக்கு. அதுக்குத் தண்ணி ஊத்தினப்ப வாப்பா ஒட்டி அனுப்பினாங்க.” தம்பியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவன் அந்த நிமிஷத்தில் என் வாயில் பிறந்தான்.

“மத்த எல்லாத்துக்கும் கீழ பேரு எழுதியிருக்கே. இதுக்கு ஏன் எழுதல?”

“எழுத வெக்கமா இருந்துச்சு.”

“எழுது,” என்றார். பரீட்சையா, வெறும் பேச்சா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பேனாவை எடுத்துவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று வில்லைகளின் கீழேயும் ‘ஞானஸ்நானம்’ என்று எழுதினேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சாய்ந்த எழுத்தில், மை சிந்தாமல், அழகாக எழுதினேன். அவர் பெருமூச்சு விட்டு சர்பத்தைக் குடித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். சபர் போற ஆம்பளைங்க செய்யறதுதான் சம்பந்தி. மனச விட்டுடாதீங்க.” உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. அவர் வழியாகத்தான் ஊர் முழுக்கத் தெரிந்தது.

மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. ஊரெல்லாம் வெடி போட்டார்கள். அந்த வாரக் கடைசியில், கொட்டுகிற மழையில், லாத்தாவுக்கு நிக்காஹ் நடந்தது. வாப்பாவின் இடத்தில் மாமா நின்றார். வந்தவர்கள் எல்லாம் உம்மாவைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அவள் எல்லோருக்கும் சிரித்த முகமாகச் சோறு போட்டாள்.

கலியாணம் முடிந்து இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நான்தான் வாசலில் வாங்கினேன். உறையைத் திருப்பினேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. வில்லையைக் கண்டுபிடித்தவள் அல்லவா, அதன் அர்த்தம் எனக்குத்தானே தெரியும்? ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டார். அடுப்படிக்குப் போய் உம்மாவின் காதில் சொன்னேன்: “வாப்பாவுக்கு சுகமாயிடுச்சு. வில்லை இல்ல பாருங்க.” அவள் கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள். “ஆமா புள்ள” என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்து வந்தது கடைக் கூட்டாளி எழுதியது. அதிலும் வில்லை இல்லை.

புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவை உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் உள்ளறையில் இருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள், “அந்தப் புள்ளைய இனிமே யாரு பாப்பா?” என்று கேட்டார்கள். “அல்லா பாப்பான்” என்றாள் அவள். கூட்டாளியின் கடிதம் மாமாவின் கையில்தான் முதலில் கிடைத்தது. அதில் நோயைப் பற்றி எல்லாம் இருந்தது. மாமா உள்ளறை வாசலில் வந்து நின்று ஒரே கேள்வி கேட்டார்: “நான் எழுதினது அவருக்குப் போய்ச் சேந்துச்சா?” உம்மா, “சேந்துச்சு நானா” என்றாள். அந்த வாதுமைப் பெட்டியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஊர்க் கதையை மாமாவும் மறுக்கவில்லை. எனக்கும் கலியாணம் ஆக வேண்டியிருந்ததே.

ஆனது, எட்டு வருஷம் கழித்து. மறுநாள் காலையில் உம்மா பெட்டியைத் திறந்து அந்த வில்லையில்லாத கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். “இதுல ஒனக்கு வந்த சேதி இருக்கு. அப்ப கொடுக்க முடியல” என்றாள். அதற்குள் வீட்டோடு இருந்து அரபுத்தமிழ் கற்றிருந்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வாசித்தேன்.

‘மச்சான் எழுதியது கிடைத்தது. நீங்கள் யாரும் அதை மறுக்க வேண்டாம். பெரியவள் கலியாணம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும், அதுவே நல்லது. இங்கே கட்டிலுக்கு ஒரு வரிசை வில்லை கொடுக்கிறார்கள். யாரிடமும் இல்லாத மாதிரி வேண்டும் என்று சின்னது கேட்டிருந்தது. எழுந்து போய் வேறு வாங்க எனக்குச் சீவன் இல்லை. அதனால் இதை ஒட்டினேன். ஊரில் இதற்கு இப்படி ஓர் அர்த்தம் வரும் என்று தோன்றவில்லை. இனிமேல் ஒட்டவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சின்னதிடம் சொல்லவும்.’

உம்மா போய்ச் சேர்ந்தாள். மாமாவும் போனார். மாப்பிள்ளையின் உம்மா கடைசிவரை என்மேல் பிரியமாக இருந்தார். சென்ற வருஷம் லாத்தாவும் போனாள், அவளுக்கும் நான் சொல்லவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் யாருடைய கலியாணமும் நிற்காது. அதனால் சொல்கிறேன். என் வாப்பாவுக்கு சைகோனில் வேறு மனைவி இல்லை. எனக்குத் தம்பி இல்லை. மலைமேல் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்து, தன் பெயர் கெடுவதைச் சம்மதித்துக்கொண்டு, அவர் தனியாக மௌத்தானார்.

அந்த நிபுணர் போன பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘ஞானஸ்நானம்’ என்ற எழுத்தை மூன்று இடத்திலும் அடித்தேன். மற்றத் தலைகளுக்கு நாட்டின் பெயர் எழுதியிருக்கும் அதே இடத்தில், பென்சிலால், புதிதாக எழுதினேன். வாப்பா எனக்கு அனுப்பியது. வாப்பா எனக்கு அனுப்பியது. வாப்பா எனக்கு அனுப்பியது.